ஐயாவின் பேரேட்டில் வரவுப் பக்கம் மட்டும்தான் நிறைந்திருக்கிறது

முகப்புத்தூண் எழுதியது (சனி இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் மேலைச்சிவல்புரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டைப் பங்கு பிரிக்கிறோம். ஏழு பங்காளி வீடு, மூன்று கட்டு. கூரை ஒழுக ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. சேர்ந்து மராமத்து பார்க்க யாராலும் முடியவில்லை. சரி, அந்தக் கதை வேறு.

போன வாரம் எங்கள் வளவு (உள்முற்றம்) அறையை ஒழித்தபோது ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், கைப்பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றி மூன்று பேரேடு கிடைத்தது. கடைக் கணக்கு என்று நினைத்து எடைக்குப் போடுகிற குவியலில் நானே தூக்கி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒன்றைப் பிரித்ததால்தான் தப்பியது.

ஐயா 1922-ல் பிறந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம், அவ்வளவுதான் படிப்பு. 14 வயதில் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் (செட்டியார் கடைகள் இருந்த கட்டடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் கணக்கு, அதாவது மூன்று வருட வேலைத் தவணை, முடிந்து 1939-ல் ஊருக்கு வந்தார், கல்யாணம் ஆயிற்று, திரும்பிப் போனார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு மணிப்பூர் வழியாக நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கப்புறம் ஆயுள் முழுக்கக் காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். 1997 தையில் போய்ச் சேர்ந்தார்.

இந்த மனிதர் தமிழ் இலக்கணம் முழுவதையும் தானாகப் படித்தார். மேலைச்சிவல்புரிச் சன்மார்க்க சபையில் கூட்டம் என்றால் கடையை முடித்துவிட்டு சைக்கிளில் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். பங்குனியில் கம்பன் விழா வந்தால் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில்தான் இருப்பார், நான்காம் நாள் அத்தத்துக்கு நாட்டரசன்கோட்டை. பர்மிய எழுத்து வாசிப்பார். கல்லூரி வாத்தியார்கள் சந்தேகம் கேட்டு வீட்டுக்கே வருவார்கள். யார் வந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வந்தாலும் அப்படித்தான். மேடைக்குக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார்.

அந்தப் பேரேடுகளில் கடைக் கணக்கே இல்லை. மேலே பிள்ளையார் சுழி. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆளின் பெயர் அல்லது தொழில். அதன் கீழே வரவு என்று போட்டு அந்த ஆளிடம் தான் கற்றுக்கொண்டது என்ன, என்றைக்கு என்று எழுதியிருக்கிறார். தேதியெல்லாம் தமிழ் எண்ணில். கண்ணில் பட்டதில் சிலதைத் தருகிறேன்:

"மணிப்பூர் வழி, மலைக்காரக் கிழவி. வரவு: எந்தக் கீரையைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பது. பெயர் கேட்டு வைக்கவில்லை."

"புதுவயல் அரிசி ஆலை, மூட்டை தூக்குகிறவர். வரவு: கனத்தை இடுப்பில் வாங்காமல் தொடையில் வாங்குவது."

"தபால்காரர் மகள், ஏழாம் வகுப்பு. வரவு: பின்னத்தை பின்னத்தால் வகுத்தால் ஏன் பெரிதாகிறது. வட்டம் போட்டுக் காட்டியது குழந்தை. இத்தனை வருடம் விதியாகத்தான் தெரியும், இன்றுதான் புரிந்தது."

எதிர்ப் பக்கத்தில் பற்று என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை. 340 பெயருக்கு மேல் எண்ணினேன். இரண்டு மூன்று இடம் தவிர எல்லாப் பற்றுப் பக்கமும் வெள்ளைத்தாள்.

எங்கள் வீட்டில் 11 பேரப் பிள்ளைகள். மூன்று பேர் வாத்தியார், ஒருவர் மருத்துவர், இரண்டு பேர் ஆராய்ச்சியில். எல்லோரும் ஐயாவைப் பார்த்துத்தான் படித்தோம். ஆனால் அவர் உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுத்ததாக ஒரு நாள்கூட நினைவில்லை. எப்போதும் எங்களிடம் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்திருப்பார். எழுதுங்கள். பேரேட்டை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.


ஐந்தொகை எழுதியது (சனி இரவு 10:25)

தம்பி, நான் 38 வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அப்பச்சி (அப்பா), ஐயா எல்லோரும் அதே தொழில். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வரவு என்றால் கிடைத்தது, லாபம் என்று இப்போதைய பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நம் கணக்கில் ஓர் ஆள் பேரில் ஏடு போட்டு அதில் வரவு வைத்தால், அந்த ஆள் நம் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். நாம் திருப்பிக் கொடுக்கும்போது அதே ஆள் பேரில் பற்று எழுத வேண்டும். இரண்டையும் கழித்து மிஞ்சுவது நாம் அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

அப்படியானால் உங்கள் ஐயா எழுதியது கடன் கணக்கு. 340 பேருக்குத் தான் கடன்பட்டிருக்கிறேன் என்று ஆளாளுக்குத் தனி ஏடு போட்டு வைத்திருக்கிறார். பற்றுப் பக்கம் வெள்ளையாக இருப்பதால் யாருக்கும் தான் எதையும் தீர்க்கவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார்.

ரங்கூனில் நடப்பு வட்டியை மாதாமாதம் கோயிலில் கூடி முடிவு செய்வார்கள், அந்தச் சூழலில் வளர்ந்தவர். கணக்கில் ஒரு சொல்லை வெறுமனே போடமாட்டார். ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வருடக் கடைசியில் பாக்கியைப் புது ஏட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாரா? இல்லை, அந்தந்த வருடத்தோடு விட்டுவிட்டாரா?


முகப்புத்தூண் எழுதியது (சனி இரவு 11:10)

அண்ணே, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கொண்டுபோயிருக்கிறார். இரண்டாம் பேரேட்டின் முதல் ஆறு பக்கம் முழுக்க "முன் பேரேட்டுப் பாக்கி" என்று எல்லாப் பெயரையும் திரும்ப எழுதியிருக்கிறார். மூன்றாவதிலும் அப்படியே. அதில் பலர் அதற்குள் செத்துப்போனவர்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக "சிவபதவி" என்று குறித்துவிட்டுப் பாக்கியை அப்படியே வைத்திருக்கிறார்.


கடல்தாண்டிய பேரன் எழுதியது (ஞாயிறு காலை 6:15)

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஐயா மலாயாவில் மேலாளாக இருந்தவர். படிப்பு வாசனை அதிகம் கிடையாது. ஆனால் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது மேலைச்சிவல்புரி வ.சுப. மாணிக்கனார் கதைதான். பர்மாவில் கடைப் பையனாக இருந்தபோது, முதலாளி உள்ளே இருந்துகொண்டே வருமானவரி அதிகாரியிடம் இல்லை என்று சொல்லச் சொன்னாராம். சொல்ல மாட்டேன் என்றதால் வேலை போயிற்று. ஊருக்கு வந்து பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் படித்தார், பின்னால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே ஆனார். பண்டிதமணியும் திண்ணைப் பள்ளியில் சில மாதம் மட்டுமே இருந்தவர், காலும் சரியில்லாதவர். 1909-ல் அந்தச் சன்மார்க்க சபையைத் தொடங்கியவர் அவர்தான்.

நம் பக்கத்தில் பெட்டியடியிலிருந்து புத்தகத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம், முகப்புத்தூண் ஐயா மாதிரிப் பெயர் தெரியாமல் போனவர்கள் அதிகம். மேலும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.


முகப்புத்தூண் எழுதியது (ஞாயிறு காலை 8:30)

உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். 40 வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் எட்டாம் வகுப்பு. கட்டுரையில் "கோவில்" என்று எழுதியிருந்தேன். ஐயா பார்த்துவிட்டு, "கோயில் என்பதுதான் சரி, தேவாரத்தில் எல்லாம் கோயில்தான்" என்றார். ஐயா சொன்னால் எனக்கு வேதவாக்கு. மறுநாள் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் கோவில் என்று எழுதினார். நான் எழுந்து, "அது தப்பு சார், எங்கள் ஐயா சொன்னார்" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாருக்குக் கோபம். அந்தப் பாடம் முடியும்வரை என்னை வெளியே நிற்க வைத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஐயா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு வளவில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எதையோ புரட்டிக்கொண்டே இருந்தார். மின்சாரம் இருந்தது, மற்றவர்கள் தூங்கட்டும் என்று அரிக்கேன். மறுநாள் கடைக்குப் போகவில்லை. பதினொரு மணி வெயிலில் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார். துண்டை இடுப்பில் கட்டியிருக்கிறார். நாலு மைல் நடந்து வந்திருக்கிறார், சைக்கிள் பஞ்சர்.

வாத்தியாரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கோ என்பதோடு இல் சேர்ந்தால் இடையில் வகர உடம்படுமெய்தான் வரும். ஓகாரத்துக்கு அப்புறம் வகரம், அதுதான் விதி. அதனால் கோவில் என்பது இலக்கணப்படி சரி. கோயில் என்பது வழக்கில் நிலைத்தது, அதுவும் தப்பில்லை. நான் ஒன்றை மட்டும் சரி என்று என் பேரனிடம் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, பையனுடையது இல்லை."

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. ஐயா எல்லோர் முன்னாலும் இப்படி வந்து நிற்கிறாரே என்று. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது வலிக்கிறது. வாத்தியார் பலகைக்குப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஆளாகிவிட்டார்.

நேற்று மூன்றாம் பேரேட்டில் அந்த வாத்தியாரின் ஏடு கிடைத்தது. ரத்தாட்சி வருடம், ஐப்பசி. "வரவு: கோவில். வகர உடம்படுமெய்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "பேரன் வெயிலில் நின்றான். அதுவும் இந்தக் கணக்கில் சேரும்."


ஊருணிக்கரை எழுதியது (ஞாயிறு காலை 9:05)

படித்துவிட்டு எங்கள் ஐயா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.


தேவகோட்டை மருமகள் எழுதியது (ஞாயிறு பகல் 12:50)

தம்பி, நீ யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உன் பெரியப்பச்சி மகள்தான். கோவில் கதை அன்றைக்கே வீட்டில் தெரியும். நீ அழுதுகொண்டு வந்தபோது உனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தது அப்பத்தா. அதை நீ எழுதவில்லை.

ஐயாவைப் பற்றி யார் ஒரு சொல் குறைவாகப் பேசினாலும் நான் சண்டைக்குப் போவேன். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம் என்று வீடு முழுக்கச் சொன்னபோது, பட்டாலையில் (முன்கூடத்தில்) எழுந்து நின்று, "அவள் படிக்கிறாள்" என்று இரண்டே சொல்லில் முடித்தவர் அவர். அழகப்பர் ஊரில் கல்லூரி கட்டி வைத்திருக்கும்போது நம் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த மனிதருக்கு நாம் என்ன பதில் சொல்வது என்று அப்புறம் தனியாக என் அப்பச்சியிடம் கேட்டாராம். அந்த இரண்டு சொல்லில்தான் என் வாழ்க்கை நிற்கிறது.

ஆனாலும் கேட்கிறேன். அந்த 340 பெயரில் அப்பத்தா பெயர் இருக்கிறதா?

1942-ல் நாலு மாதம் கடிதம் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் 17 வயதில் கைப்பிள்ளையோடு இருந்தவள். நகையை ஒவ்வொன்றாக விற்றுப் பெரிய குடும்பத்துக்கு உலை வைத்தவள். ஐயா மாதச் சம்பளத்தில் புத்தகம் வாங்கி வந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், மறுநாள் குழம்பில் காய் குறையும். கல்யாண வீட்டில் 300 பேர் பந்திக்கு எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய் என்று பெரிய சமையல்காரர் அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார். தாளில் எழுதாமல் சொல்வாள், ஒரு படி மிஞ்சாது. பிள்ளையார் நோன்புக்குக் கோடி வேட்டியிலிருந்து 21 இழை பிரித்துத் திரி போடுவாளே, விளக்கு வெளிச்சமே வேண்டாம், விரல் எண்ணிக்கொள்ளும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை திரி. ஊரில் இல்லாதவர்களுக்கும் சேர்த்துப் பிரித்து வைப்பாள். 1942 மார்கழியில், அவர் வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் நோன்பில், முந்தின வருடம் அவருக்காகப் பிரித்து வைத்த திரியையும் எடுத்துக் கொடுத்தாளாம்.

எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும்தான் தெரியும். அறிவாளி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஐயாவுக்கு ஊரெல்லாம் குரு. பக்கத்தில் இருந்தவளை எழுதினாரா, பார்த்துச் சொல்.


முகப்புத்தூண் எழுதியது (ஞாயிறு இரவு 8:20)

ஆச்சி, மூன்று பேரேட்டையும் பகல் முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அப்பத்தா பெயரில் ஏடு இல்லை.

முதல் பேரேட்டில் "வீட்டில்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. ஒரே ஒரு வரவு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) பற்றியது. "ஐந்தொகை நாலு அணா இடித்தது. இரவு முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. வாய்விட்டு வாசித்தபோது அடுப்படியிலிருந்து சொன்னது, ஒன்பதாம் புள்ளியில் ஏழேகாலை ஏழு என்று வாசித்ததாக. அதே இடம்தான்." அவ்வளவுதான். 51 வருடக் கணக்கில் ஒன்று.

தாய்மார் பெயரைச் சொல்லாத காலம் அது என்று சமாதானம் எழுத ஆரம்பித்தேன், அழித்துவிட்டேன். மலைக்காரக் கிழவியிடம் பெயர் கேட்காமல் போனதற்கு வருத்தப்பட்டு எழுதியவர் அவர். நீங்கள் கேட்டது நியாயம். ஐயாவை எவ்வளவு பெரிதாக நினைத்தாலும் இந்த இடம் குறைதான்.

பணியாரத்தை நான் மறந்ததும் குறைதான். வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல். இப்போது நினைவு வருகிறது.


தேவகோட்டை மருமகள் எழுதியது (ஞாயிறு இரவு 9:00)

நாலு அணாக் கதையை அப்பத்தா எங்களிடம் சொல்லியிருக்கிறாள்டா. ஆனால் சொல்லும்போது, "உங்க ஐயா எழுதினதுல தப்பு இருக்காது, வாசிச்சதுலதான்" என்பாள். கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசிப் பேரேட்டில் வெள்ளைப் பக்கம் மிச்சம் இருக்கும்தானே? அப்பத்தா பெயரைத் தலைப்பாகப் போட்டு நாம் 11 பேரும் வரவு எழுதுவோம். நான் முதலில் எழுதுகிறேன்.


கோட்டையூர் வாசகன் எழுதியது (திங்கள் காலை 7:45)

ஆச்சி, தம்பி, இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும். உங்கள் குடும்ப விஷயத்தில் நுழைகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பேரேட்டில் தயவுசெய்து ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். புது நோட்டு வாங்கி அதில் எழுதுங்கள், பழையதோடு சேர்த்து வையுங்கள். இரண்டுக்கும் அதனதன் மதிப்பு இருக்கும்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி வீட்டில் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாண அழைப்பிதழ் என்று சுமார் ஒரு லட்சம். 1992-ல் அவர் காலமானதும் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. அவர் எடுத்து வைத்திராவிட்டால் அதில் பாதிக்கு மேல் கரையானுக்குப் போயிருக்கும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் நம் வீட்டுக் கதவும் தூணும் விலை பேசப்படுவதை எல்லோரும் பார்க்கிறோம். காகிதம் அங்குகூட வராமல் பழைய பேப்பர் கடையோடு முடிந்துவிடுகிறது.

இனிச் செய்ய வேண்டியது. பேரேட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது, பசை பத்து வருடத்தில் தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். லேமினேட் செய்யவே கூடாது. கம்பி ஊசி குத்தியிருந்தால் துரு பரவும், மெதுவாக எடுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், நேராகத் தாளில் படவேண்டாம். முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து மூன்று பேர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். அந்த வெள்ளைதான் இந்தக் கணக்கில் முக்கியம் என்று ஐந்தொகை ஐயா சொன்னாரே.

அதற்குப் பிறகு நூலகத்துக்குக் கொடுப்பதா, வீட்டில் வைப்பதா என்று பொறுமையாகப் பேசலாம்.


ஐந்தொகை எழுதியது (திங்கள் காலை 10:30)

கோட்டையூர்க்காரர் சொன்னது சரி. முடித்த பேரேட்டில் வேறு கை எழுதக் கூடாது என்பது தொழில் ஒழுக்கமும்கூட. ஆச்சி புது ஏடு போடட்டும். "வீட்டில்" என்ற தலைப்பின் பாக்கியை முன் பேரேட்டுப் பாக்கியாக அதில் முதல் வரியில் கொண்டு வாருங்கள். அப்போது இரண்டு கணக்கும் முறைப்படி தொடரும்.

பற்று எழுதிய இரண்டு மூன்று இடம் உண்டு என்றீர்கள். அது என்ன?


முகப்புத்தூண் எழுதியது (திங்கள் பகல் 1:15)

மூன்று இடம் அண்ணே. ஒன்று தபால்காரர் மகள். "பற்று: வெண்பாவுக்குத் தளை பார்க்கக் காட்டிக் கொடுத்தது. பாதிதான் தீர்ந்தது." இன்னொன்று கோவிலூர் மடத்துச் சமையல்காரர், அவர் மகனுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது அந்தத் தமிழ் வாத்தியார். பற்று என்று எழுதி, என்ன என்பதை அடித்திருக்கிறார். படிக்க முடியவில்லை.

அச்சுப் போடுவது பற்றி வீட்டில் இரண்டு கட்சியாக இருக்கிறோம். 2022-ல் நூற்றாண்டு வந்தது, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போதாவது படம் போட்டு மலர் கொண்டுவரலாம் என்கிறார்கள் பெரியவர்கள். கொத்தனார் ஏட்டில் சுண்ணாம்புக்குக் கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிற முறை நாலு பக்கம் இருக்கிறது. ஆத்தங்குடித் தரைக் கல் போடுகிறவர் பேரில் இரண்டு பக்கம், விளம்பி வருடம் ஆவணி. அதெல்லாம் அச்சேற வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான். ஆனால் அட்டையில் ஐயா படத்தையும் பெயரையும் போட என் மனம் ஒப்பவில்லை. அந்த 340 பேருடைய புத்தகம் அது.


ஆத்தங்குடிக் கண்ணாடி எழுதியது (திங்கள் இரவு 9:50)

வணக்கம் அண்ணே. நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. விளம்பி வருடம் என்றால் 1958 தானே? கல் போடுகிறவர் பெயர் அதில் இருக்கிறதா?

எங்கள் தாத்தா ஆத்தங்குடியில் கல் போட்டவர். அப்பாவும் அதே வேலை, 78 வயதிலும் பட்டறைக்கு வந்து உட்காருகிறார். தாத்தா ஒரு செட்டியாரைப் பற்றிச் சொல்வார். பட்டாலையில் உடைந்த நாலு கல்லுக்கு மாற்று வாங்க வந்தவர், மூன்று நாள் தரையில் எங்களோடு உட்கார்ந்துவிட்டாராம். முதல் நாள் பார்த்தார். இரண்டாம் நாள் கேட்டார். மூன்றாம் நாள் தானே ஒரு கல் போட்டுப் பார்த்தார்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டை ஊற்றுவோம். அச்சை மேலே தூக்கும் நேரம்தான் நேரம். கை துளி ஆடினால் ஒரு கலர் இன்னொன்றில் ஓடிவிடும். அப்புறம் உலர்ந்த கலவை, அதன் மேல் ஈரக் கலவை, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டி. சூளையே கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது.

அந்தச் செட்டியார் போட்ட கல்லில் பச்சை கொஞ்சம் சிவப்புக்குள் ஓடிவிட்டது. தூக்கி எறியப் போனவரைத் தாத்தா தடுத்து எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது அப்பாவுக்குப் பத்து வயது. அந்தக் கல் இன்னும் பட்டறைத் தொட்டிப் பக்கத்தில் பதித்திருக்கிறது. சின்னப் பிள்ளையில் அதன் மேல்தான் நான் உட்கார்ந்து விளையாடுவேன்.

அவர் உங்கள் ஐயாவாக இருக்குமா?


முகப்புத்தூண் எழுதியது (திங்கள் இரவு 10:05)

பெயர் இருக்கிறது அம்மா. பொதுவில் போடாமல் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பார். இரண்டாம் பக்கத்தில் கடைசி வரவு மட்டும் இங்கே எழுதுகிறேன்:

"அச்சைத் தூக்கும்போது மூச்சை விடக் கூடாது. மூன்று நாள் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, அவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் போட்டது கெட்டது. அவர் சிரிக்கவில்லை."


ஆத்தங்குடிக் கண்ணாடி எழுதியது (திங்கள் இரவு 10:40)

தாத்தா பெயர்தான் அண்ணே.

அப்பா தூங்கிவிட்டார், எழுப்பி வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவர் பெயரைத் தாளில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ரேஷன் அட்டையைத் தவிர. அந்தப் பக்கத்தைப் படமாக இல்லாமல் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்.

உங்களுக்குத் தோதான நாளில் வாருங்கள். தேவகோட்டை ஆச்சியையும் கூட்டி வாருங்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலை கிடையாது, பட்டறை அமைதியாக இருக்கும். கல்லைக் கழுவி வைக்கிறேன்.


தேவகோட்டை மருமகள் எழுதியது (திங்கள் இரவு 11:00)

வருகிறேன் அம்மா. தம்பி, வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத் தேவகோட்டையில் என்னை ஏற்றிக்கொள். பணியாரம் சுட்டு எடுத்து வருகிறேன். புது நோட்டும் வாங்கிவிட்டேன்.